கடைசியில் பேசுகிறவள்

எங்கள் வேங்கிக்கால் வீட்டில் ஞாயிறு மதியம் நான்கு பெண்கள் கூடிப் போக்கர் ஆடுவோம். பணம் வைப்பதில்லை, மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலை. நான் வேலை பார்க்கும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வறுத்ததாக வாங்கி வருவேன். ஆட்டம் முடிவதற்குள் பாதிப் பந்தயத்தைத் தின்று தீர்த்துவிடுவோம்.

சீட்டுப் போடுகிறவர் கடைசியில் பேச வேண்டும் என்பது விதி. போக்கரில் அதைவிட நல்ல இடம் கிடையாது. மற்ற மூவரும் மல்லாட்டையைத் தள்ளினார்களா, சீட்டைக் கவிழ்த்தார்களா என்று பார்த்துவிட்டு நாம் முடிவெடுக்கலாம். எல்லோரும் தயங்கினால், கையில் ஒன்றுமே இல்லாமல் ஒரு குவியலைத் தள்ளி மிரட்டிவிடலாம். சீட்டுப் போடுவது மற்றவர்களுக்குச் சலிப்பு. "நானே போடறேன், விடுங்க" என்று அந்த வேலையை நிரந்தரமாக வாங்கிக்கொண்டேன். கெட்டிக்காரி என்று பேர் வந்தது. உண்மை வேறு. எனக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கத் தேவையில்லாத ஒரே இடம் அதுதான்.

நான் கணக்கு டீச்சர், பத்தாம் வகுப்பு எடுக்கிறவள். விஷயம் வெளியே தெரிந்தால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, புத்தக அலமாரிக்குக் காவலாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். அதனால் பள்ளியிலும் மிரட்டல் ஆட்டம்தான். முன்வரிசைப் பிள்ளைகளின் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து ஏதாவது கேட்டால், "நல்ல கேள்வி. நீயே யோசிச்சுப் பாரு" என்பேன். சிந்திக்க வைக்கிற டீச்சர் என்று அதற்கும் ஒரு பேர். வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

என்னைப் பிடித்தது பக்கத்து வீட்டுக்காரி. வளையல் கடை வைத்திருக்கிறாள். கடைக்குள் நுழைகிறவர் வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே சீட்டுகளை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். மற்ற இருவரும் சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். நான் அசையாமல் என் முறைக்குக் காத்திருந்தேன். அவள் சீட்டைக் கீழே வைத்தாள்.

"உங்க அடுப்புல பால் பொங்குதுன்னு ரெண்டு வாட்டி சொன்னேன் டீச்சர். அடுப்பே எரியல. ஆனா நீங்க திரும்பக்கூட இல்ல."

இதை மட்டும் என் முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னாள்.

"ஆட்டத்துல கவனமா இருந்தேன்" என்றேன்.

"எத்தினி நாளா?"

அதற்குமேல் தள்ள என்னிடம் மல்லாட்டை இல்லை. ரெண்டு வருஷமா என்று சொல்லி அழுதுவிட்டேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவளே என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். மிஷின் வைத்தால் தாராளமாக வகுப்பு எடுக்கலாம் என்று டாக்டர் எழுதியே காட்டினார். தலைமையாசிரியையிடம் நானாகப் போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் ஆளாகப் பேசியது அன்றுதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பத்தாவத வேற யாருங்க எடுப்பாங்க? மாட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

மிஷினோடு பள்ளிக்குப் போன முதல் நாள் பௌர்ணமி. மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்பதே மறந்து போயிருந்தது. சாயங்காலம் கடைசி வகுப்பில், கடைசி பெஞ்சில் வழக்கமாக எழுகிறவள் எழுந்தாள்.

"டீச்சர், இன்னிக்குப் பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் மலை சுத்தப் போறவங்க கூட்டம், ஏறவே முடியாது. அஞ்சு நிமிஷம் முன்னாடி விடுவீங்களா?"

முந்தைய பௌர்ணமிகளிலும் அவள் இப்படி எழுந்தது நினைவுக்கு வந்தது. அத்தனை தடவையும் யோசிக்கச் சொல்லி, பஸ் படிக்கட்டில் தொங்க அனுப்பியிருக்கிறேன். சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"கெளம்பு" என்றேன்.

அவள் பையை எடுக்காமல் நின்றாள். "நானே யோசிக்க வேணாமா டீச்சர்?"

"வேணாம். நல்லாக் கேட்டுது. போய் பஸ்ஸப் புடி."