பானை துலக்க வந்த சாம்பல்

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் கேஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பலுக்குப் பஞ்சம். ஆனால் பித்தளைப் பானையைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்காவிட்டால் அம்மாவுக்குப் பொங்கலே விடியாது. அதனால் அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டை கொண்டு வந்தார்கள். செம்பனைக் காட்டுக்குப் பின்னால் பழைய அலுமினியத்தை உருக்கும் தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே உலையில் வேலை. அந்த உலைச் சாம்பல் வெள்ளியாக மினுங்கியது. எனக்கு ஒன்பது வயது. நான்தான் துலக்குவேன் என்று அடம் பிடித்தேன்.

தண்ணீர் பட்டதும் சாம்பல் சுட்டது. மூத்திர நாற்றம் குப்பென்று கிளம்ப, கண் எரிந்து அலறினேன். அம்மா ஓடிவந்து என் முகத்தைக் கழுவிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"உள்ளயும் இதே நாத்தந்தானா?"

"பழகிப் போச்சு லா" என்றார் அப்பா, இருமிக்கொண்டே.

மறுநாள் காலை அம்மா மூட்டையும் ஒரு வாளித் தண்ணீருமாகக் கிளம்பினாள். நான் பின்னாலேயே ஓடினேன். தொழிற்சாலை ஆபீசில் இருந்த சூப்பர்வைசர் நம்மவர்தான். "சும்மா வாடதாங்கக்கா, ஒன்னும் செய்யாது" என்றார். அம்மா வாதாடவில்லை. ஏசிக்கு அடியில் மூட்டையைக் கொட்டி வாளியைக் கவிழ்த்தாள்.

"ஒன்னும் செய்யாதுல்ல? அப்ப ஓடாதீங்க, நில்லுங்க!"

மூக்கைப் பொத்திக்கொண்டு ஆபீசே வெளியே ஓடியது. மேனேஜர் காலில் ஒரு சப்பாத்துதான் இருந்தது.

அன்றே அப்பாவுக்கு வேலை போயிற்று. வாய் திறக்காத மாமா தப்பித்தார். அவர் பிள்ளைகள் பொங்கலுக்குப் புதுச்சட்டை போட்டார்கள், நான் பழசு. ஒரு வாரம் நான் அம்மாவோடு பேசவில்லை.

மாமா பன்னிரண்டு வருடம் அதே உலையில் நின்றார். நுரையீரல் புற்றுநோயில் போனார். சிகரெட்டைக் கையால் தொடாத மனிதர். அந்த உலைப் புகைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்கு வாருங்கள் என்பேன். அன்று பானை துலக்க எடுத்த சாம்பலில் ஒரு டப்பா பத்திரமாக வைத்திருக்கிறேன், குழாயில் தண்ணீரும் வருகிறது.

நல்ல வேலையைக் கெடுத்தவள் என்று அப்பா இன்னமும் அம்மாவை ஏசுகிறார். இருமாமல், மூச்சு வாங்காமல் அரைமணி நேரம் ஏசுகிறார். அம்மா பானையைத் துலக்கிக்கொண்டே கேட்கிறாள். அன்று அவள் அங்கே போனது அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவரத்தான் என்பது, புதுச்சட்டைக்கு அழுத எனக்குத் தெரியவில்லை.