நீங்கள் இந்தத் தொகுதி இல்லை

வாக்குச்சாவடியின் வாசல் மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் வேலையில் பாதி வந்தவரைத் திருப்பி அனுப்புவதுதான். மரியதாஸ் அண்ணையை நான் கடைசியாக உயிரோடு பார்த்ததும் அப்படி அனுப்பியபோதுதான். எழுபத்தொரு வயது. ஊரில் ஒவ்வொரு தேர்தலுக்கும் பகிஷ்கரிப்பு, இல்லையென்றால் இடப்பெயர்வு. மொன்றியலில் பிரஜாவுரிமை கிடைத்து, வாழ்க்கையில் முதல் வாக்குப் போட, கோட்டும் டையுமாக வந்திருந்தார்.

பங்கு மண்டபம்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபம்தான் சாவடி. பங்குச் சனம் எல்லாம் அங்கேதான் வாக்குப் போடும் என்று நினைத்து, வாக்காளர் அட்டையைப் பார்க்காமலே வந்துவிட்டார். எல்லையை மாற்றி வரைந்ததில் அவருடைய வீடு பக்கத்துத் தொகுதிக்குப் போயிருந்தது. சொன்னேன். நம்பவில்லை.

"பூசைக்கு வாறது இஞ்சை, செத்தால் என்னை எடுக்கப்போறதும் இஞ்சை. வாக்கு மட்டும் அங்காலையோ? சுவாமியாருக்கு இது தெரியுமோ?"

தெருவின் நடுவே

புதிய கோடு அவருடைய தெருவின் நடுவால் போனது. அன்று எதிரெதிர் வீட்டு அக்காவும் தங்கையும் ஒன்றாக வந்தார்கள். அக்காவை உள்ளே விட்டு, தங்கையை மறித்தேன். யுத்தகாலத்தில் வவுனியாவில், ஊர் தாண்ட இராணுவம் கொடுத்த பாஸுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவன் நான். தங்கை கேட்டதற்குச் சிரிக்க முடியவில்லை.

"றோட்டைக் கடக்க இனி பாஸ் எடுக்கவேணுமோ, அண்ணை?"

என் கொப்பி

பிரெஞ்சை நானே வாசித்துப் படித்தவன். அதனால் யாரிடமும் எதையும் கேட்காத பழக்கம் ஒன்று உண்டு. சாவடி விலாசங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். மேற்பார்வையாளரிடம் கேட்காமல், அதைப் பார்த்தே மரியதாஸ் அண்ணைக்கு விலாசம் எழுதிக் கொடுத்தேன். கொப்பி பழைய எல்லைக்கு உரியது. அந்த மண்டபம் இப்போது கார்டெரி, குழந்தைகள் காப்பகம். அவர் இரண்டு பஸ் மாறிப் போய், கால் வலியோடு வீடு திரும்பியிருந்தார். வேலை முடிந்து போன் எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் வாக்களிப்பும் முடிந்திருந்தது.

"தம்பி, நீர் அனுப்பின இடத்திலை சின்னப்பிள்ளையளெல்லோ நித்திரை கொள்ளுதுகள்!"

மகள்

அந்தப் பனிக்காலத்திலேயே அவர் போய்விட்டார். செத்தவீட்டில் மகளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்குமுன் அவளே என் கையைப் பிடித்தாள்.

"அப்பா உங்களிலை கோவிக்கேல்லை, அங்கிள். அடுத்தமுறை வெள்ளனப் போறன் எண்டுதான் சொன்னவர்."

அவரைத் திருப்பி அனுப்பிய அந்தத் தொகுதி இன்று பெயரளவில்கூட இல்லை. வாக்காளர் அட்டை மட்டும் மரியதாஸ் அண்ணையின் பெயருக்கு, சரியான மண்டபத்தின் விலாசத்தோடு, போன கிழமை மகளிடம் வந்திருக்கிறது.