வால் முளைத்த ஃபோனும் மாரப்ப மச்சானும்

சாவுச் செய்தியே கரகரப்பாகத்தான் வந்தது. மைசூர் தேவராஜ மொஹல்லாக் கடைத்தெருவில் வாழைப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது சட்டைப் பைக்குள் ஃபோன் அலறியது. மச்சான் மகன் குமார். "மாமா, அப்பா காத்தால எந்திரிக்கவே இல்லீங்க. தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்று அவன் அழுதது, ஃபோனின் ஓட்டை ஒலிபெருக்கி வழியாக, எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தமாக வந்து விழுந்தது. இதை மாரப்ப மச்சான் கேட்டிருந்தால், "வெச்சுட்டு நல்ல ஃபோன்ல கூப்புடுடா, அப்பறம் சாகறேன்" என்றிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாரப்பன் என் மனைவியின் அண்ணன். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இளவயதிலேயே மைசூருக்கு வந்து, தகடு அடிக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். பக்தியால் வாழ்ந்தவர்கள் உண்டு, பாசத்தால் வாழ்ந்தவர்கள் உண்டு. மச்சான் அருவருப்பால் வாழ்ந்தவர். பேருந்தில் எவனாவது ஃபோனை ஊருக்கே பாடவிட்டால், அழுகிய முட்டையை மூக்கின் மேல் உடைத்ததுபோல அவர் முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கண்டு ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, யாருக்காவது வாந்தி வருகிறதா என்று விசாரித்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் புது ஃபோன் வாங்கிக் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டா, இயர்போன் குத்தற ஓட்டை எங்கடா?"

"இப்பல்லாம் அது வர்றதில்லீங்கப்பா. புளூடூத்துதான்."

"தொப்புள் இல்லாத கொழந்தையக் கையில குடுத்துட்டு, இப்பல்லாம் அப்பிடித்தான் பொறக்குதுங்கற."

அன்றே என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் கேட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு இயர்போனை நீட்டினார். மாநகர மக்கள் அனைவரின் காதழுக்கும் அதில் மஞ்சளாகத் திரண்டு, வெயிலில் வைத்த மைசூர்பாகுபோல மின்னியது. மச்சான் அதை இரண்டு விரலால் தூக்கிக் கடைக்காரர் மேசை மேலேயே போட்டார். பிறகு பழைய இயர்போனைப் புது ஃபோனோடு இணைக்கிற ஒரு குட்டி வயரை வாங்கினோம். வீட்டில் செருகினால் ஊமை. பல்லால் கடித்துப் பிளந்தார். உள்ளே வெறும் கம்பி. பிளந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்கே போனோம்.

"கம்பெனி பீஸ் சார், நோடி, பாருங்க" என்றார் கடைக்காரர், கூசாமல்.

"உள்ள கன்வெர்ட்டரே இல்லியேப்பா. குடலே இல்லாத கோழிய விக்கறயே."

கடைசியில் அசலான ஒன்று வேறிடத்தில் கிடைத்தது. கட்டைவிரல் அளவு. ஒரு முனை ஃபோனின் சார்ஜர் துளைக்குள் போகும், மறுமுனையில் இயர்போன் போகும். ஃபோனுக்கு வால் முளைத்தது. அன்று முதல் அவருக்கும் முளைத்ததென்றே ஊரார் பேசினார்கள்.

அந்த வித்தையை அவர் எனக்கு விளக்கியதை அப்படியே தருகிறேன். "மாப்ளே, ஃபோனுக்குள்ள பாட்டே கெடையாது. வெறும் நெம்பருதான். அந்த நெம்பரச் சத்தமா மாத்தோணும். ஃபோனு அத, சாணி வழிச்ச கையோட சோறு போடற மாதிரி மாத்தித் தருது. இது கை கழுவிட்டுப் போடுது."

மாட்டிக் கேட்டேன். பொய் சொல்லமாட்டேன்: நாதஸ்வரக்காரர் மூச்சிழுப்பது கேட்டது. தவில்காரரின் விரல்கூடு தோலில் உரசுவது கேட்டது. இன்னும் சற்றுக் கூர்ந்திருந்தால் இருவரும் காலையில் தின்றது இட்லியா பொங்கலா என்பதும் விளங்கியிருக்கும். அதன்பின் என் ஃபோனை வால் இல்லாமல் கேட்க எனக்கும் குமட்டியது. அந்த நோயை எனக்கு ஒட்டவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இந்த வால்தான் அவருக்கும் அவருடைய ஒரே தம்பி சின்னச்சாமிக்கும் நடுவில் தீ வைத்தது. சாமராஜநகரில் தம்பி மகன் கல்யாணம். மேளக்காரர்களை வைக்காமல், வாட்ஸ்அப்பில் எவனோ அனுப்பிய கெட்டிமேளத்தைத் தம்பியின் ஃபோனிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கொடுத்திருந்தார்கள். அது நாதஸ்வரமா, நாலு பூனைகளை ஒரே சாக்கில் கட்டியதா என்று தெய்வங்களுக்கே ஐயம் வந்திருக்கும். மச்சானால் பொறுக்க முடியவில்லை. தாலி எடுக்கும் நேரம் பார்த்துப் போய், வயரைப் பிடுங்கி, நடுவில் தன் கன்வெர்ட்டரைச் செருகினார்.

ஃபோன் பூட்டிக்கொண்டது. திறந்தால்தான் புதுப் பொருளை ஏற்பேன் என்றது. திறக்கவேண்டிய விரல் தம்பியுடையது. அந்த விரலோ மேடையில் அட்சதையை அள்ளிப் பிடித்திருந்தது. மண்டபமே மௌனமாக இருக்க, மூன்று முடிச்சும் விழுந்தன. அபசகுனம் எதுவும் காதில் விழாதிருக்கத்தானே கெட்டிமேளம் வைத்தார்கள் நம் பெரியவர்கள்? அந்த மௌனத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் தும்மினார். சாமுண்டி மலைவரை எதிரொலித்த தும்மல் அது.

"என்ற பையன் தாலி கட்டறப்ப எழவு வீடாட்டம் ஆக்கீட்டயே அண்ணா" என்றார் சின்னச்சாமி. "இனி என்ற மூஞ்சில முழிக்காதே."

பையனும் மருமகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் வண்டி பஞ்சரானாலும், எருமை பால் குறைத்தாலும் சின்னச்சாமிக்கு அந்தத் தும்மல்தான் காரணம். மச்சான் தீபாவளிக்குத் தீபாவளி சாமராஜநகருக்குப் பேருந்தேறுவார். நல்லதாகத் தேடிப் பிடித்த ஒரு கெட்டிமேளம் ஃபோனில் இருக்கும், கன்வெர்ட்டர் சட்டைப் பையில் இருக்கும். தம்பி வெளியே வரமாட்டார். சம்சாரத்தைவிட்டு, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வார். அதை உள்ளிருந்து தம்பி சொல்லிக்கொடுப்பது வாசல்வரை கேட்கும்.

திரும்பி வந்து என்னிடம் சொல்வார். "ஒரே ஒரு தடவை காதுல மாட்டிக் கேட்டான்னா போதும் மாப்ளே. நான் எதுக்கு அன்னிக்குப் புடுங்குனேன்னு அவனுக்குப் புரிஞ்சுரும். என்னமோ கேக்க மாட்டேங்கறான்."

இந்த ஓர் ஆசையோடுதான் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். தலைமாட்டில் ஒரு புளூடூத் டப்பா மந்திரம் ஓதிக்கொண்டிருந்தது. மந்திரத்தின் நட்டநடுவே கழிவறை கழுவும் திரவத்தின் விளம்பரம் வந்தது. பளிச்சென்ற வெண்மை, கிருமி ஒழிப்பு, மறுபடி மந்திரம். எனக்கு வந்த அருவருப்பில் பெட்டியின் கண்ணாடியே வேர்த்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அதுதான் இன்னும் அசிங்கம்.

மதியம் சின்னச்சாமி வந்தார். யாரையும் பார்க்காமல் பெட்டியருகே போய் நின்றார். குமார் அப்பாவின் ஃபோனை வாலோடு எடுத்து வந்தான்.

"சித்தப்பா, அப்பா உங்குளுக்குன்னு வெச்சிருந்ததுங்க. ஒருக்கா கேளுங்க."

வாங்கமாட்டார் என்றே நினைத்தேன். வாங்கினார். மாட்டத் தெரியாமல் திணறினார், நான் காதில் பொருத்திவிட்டேன். கெட்டிமேளத்தை ஓடவிட்டான் குமார். சின்னச்சாமி கண்ணை மூடிக் கேட்டார். வீடே அவர் முகத்தைப் பார்த்தது.

"எனக்கென்னமோ வித்தியாசமே தெரியல மாப்ளே" என்றார் என்னிடம். "அன்னிக்கு என்ற ஃபோனுல கேட்ட மாதிரியேதான் இருக்குது. இதுக்கா இந்தப் பாடு படுத்துனான்?"

"அப்பக் கழட்டிக் குடுங்க" என்றேன்.

"சும்மா இருங்க. இன்னுங் கொஞ்சம் கேக்கறேன்."

கழற்றவில்லை. பாடையைத் தூக்கும்போதும் கழற்றவில்லை. முன்பக்கத்துக் கொம்பைத் தோளில் தாங்கி, கன்வெர்ட்டர் நெஞ்சில் ஊசலாட, காதில் கல்யாண மேளத்தோடு அண்ணனைச் சுமந்து நடந்தார். எழவுக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

மச்சான், உங்கள் தம்பி கேட்டுவிட்டார். ஒன்றும் விளங்கவில்லை என்கிறார். திரும்பத் திரும்பக் கேட்கிறார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.