பிரித்துப் போட்ட தையல்

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது. அப்பாவும் அம்மாவும் அப்போது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காட்டுவேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் மழை பொய்த்து, காட்டில் வேலை இல்லாமல் போனதும் திருத்தங்கலுக்குக் குடிவந்து தீப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தார்கள். என்னைவிட நாலு வயது இளையவளான தங்கச்சியையும் கூட்டிப்போனார்கள். என்னைச் சேர்க்கவில்லை. தீப்பிடித்தால் ஓட முடியாத பிள்ளையை ஷெட்டுக்குள் எப்படி உட்கார வைப்பது என்று போர்மேன் கேட்டார். அவர் கேட்டது சரிதான். ஆனாலும் அன்றைக்கு வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

யாரோ சொல்லி, விருதுநகரில் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகத் தையல் கற்றுத்தரும் ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படித்தேன். அங்கிருந்த டீச்சர் துணியின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். ஒரு தையல் கோணியிருந்தால் கத்தரியை விட்டு வரி முழுவதையும் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். முதல் ஆறு மாதம் தினமும் அழுதேன். பிறகு, பிரிக்க வேண்டியிராத துணி என்னுடையது ஒன்றுதான் என்று ஆனது. அதற்கு முன்னால் என்னை யாரும் எதற்காகவும் மெச்சியதில்லை. அந்தப் பெயரை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தேவைக்கு மேலேயே பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது.

ஊருக்குத் திரும்பி, வாடகைக்கு ஒரு கைமெஷின் எடுத்து வீட்டில் ரவிக்கை தைக்க ஆரம்பித்தேன். சொன்ன நாளில் கொடுத்தது கிடையாது. தோள் மூட்டில் நூலளவு விலகியிருந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பேன். போட்டுக்கொள்கிறவளுக்கே அது தெரியாது. எனக்குத் தெரியுமே.

தங்கச்சி நேர் எதிர். கம்பெனியில் மருந்தில் முக்குவதற்காக மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவது அவள் வேலை. அவள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். வீட்டு வேலையையும் அப்படித்தான் செய்வாள். பாத்திரம் துலக்கினால் கரி போயிருக்கும், பளபளப்பு இருக்காது. பதினெட்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை எங்கள் ஊரிலேயே ஒரு அச்சாபீசில் லோடு ஏற்றுகிறவர். இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள்.

அவள் முழுகாமல் இருந்த நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழைய சேலை ஒன்றையும் ஒரு பொட்டலம் துண்டுத்துணியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"யக்கா, பிள்ளைக்கு ஒட்டு விரிப்பு தைக்கணும். எப்படின்னு சொல்லிக் குடு."

"ஏன், நான் தச்சுத் தரமாட்டனா?"

"நீ தச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா எம் பிள்ளைக்கு நான் தைக்கணும்னு ஆசையா இருக்குல்லா."

பழைய சேலையை நாலைந்து மடிப்பாக மடித்து, மேலே துண்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக ஒட்டி, எல்லா மடிப்பும் சேர்ந்து நிற்கும்படி நெருக்கமாக நூலோட்டினால் பிள்ளைக்கு மெத்தென்று விரிப்பு ஆகிவிடும். அத்தனை மடிப்பு மெஷினுக்குள் நுழையாது. கையால்தான் தைக்க வேண்டும். சதுரம் வெட்டுவது, மூலையோடு மூலையைச் சேர்ப்பது, அரிசி நீளத்துக்குத் தையல் போடுவது எல்லாம் காட்டிக்கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ஒரு வரி தைத்து எடுத்துவந்தாள். நான் வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருந்தது. கத்தரியை எடுத்து முழுசாகப் பிரித்தேன். அவள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

இரண்டாவது வாரம் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் மூலைகள் சேரவில்லை. பிரித்தேன்.

மூன்றாவது வாரம் கத்தரியை எடுத்தபோது என் கையைப் பிடித்தாள். "இது நல்லாத்தானக்கா இருக்கு. பிள்ளை இதுல ஒண்ணுக்குத்தான போகப்போகுது."

"செஞ்சா திருத்தமாச் செய்யணும். இல்லன்னா செய்யாம இருக்கணும்."

சொன்னது நான்தான். குரல் டீச்சருடையது. அவள் கையை எடுத்துவிட்டாள். நான் பிரித்து முடிக்கிறவரை காத்திருந்து, துண்டுகளை என் பக்கமாகத் தள்ளினாள்.

"எனக்கு வராதுக்கா. நீயே தச்சுரு."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. ஓடவும் சம்பாதிக்கவும் கல்யாணம் கட்டவும் அவளால் முடிந்தது. இது ஒன்று என்னால் மட்டும்தான் முடியும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை எழுதக் கை கூசுகிறது.

நான் தைக்க உட்கார்ந்தேன். அவ்வளவு சொல்லிவிட்டு ஏனோதானோவென்று தைக்க முடியுமா? சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் பொருந்தவில்லை என்று பிரித்தேன். நூல் தடிமன் என்று பிரித்தேன். தண்ணீரில் நனைத்ததும் ஒரு துண்டு சுருங்கியது என்று பிரித்தேன். நடுவில் தீபாவளி ரவிக்கைகள் வந்து குவிந்தன. எட்டாவது மாதம் ஆனபோது பன்னிரண்டு சதுரங்கள்தான் சேர்ந்திருந்தன. தங்கச்சி இரண்டு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

கார்த்திகை அடைமழையில் பெண்குழந்தை பிறந்தது. கீழே சாக்கு, அதன்மேல் கிழிந்த வேட்டி. அதில்தான் பிள்ளையைப் போட்டிருந்தார்கள். என்னால் தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னும் பத்து நாள்ல முடிச்சிருவேன்" என்றேன்.

"அவசரமில்லக்கா. மெதுவாத் தை" என்றாள். அதில் கோபம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. ஜன்னி என்றார்கள். வண்டி பிடித்து சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒன்பதாம் நாள் விடிந்தபோது அவள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு பெண் மஞ்சப்பையோடு வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"நாந்தான் ஒங்க தங்கச்சி பக்கத்துல உக்காந்து குச்சி அடுக்குறவ. இது அவளோடது. கம்பெனியிலயே வச்சிருந்தா" என்று பையை நீட்டினாள்.

உள்ளே பாதி தைத்த ஒட்டு விரிப்பு இருந்தது.

"சோறு தின்னு முடிச்சு மணியடிக்கிறதுக்குள்ள நாலு தையல் போடுவா. நாங்களும் ஆளுக்கு ஒரு வரி போட்டுக் குடுப்போம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தையேன் புள்ளன்னா கேக்க மாட்டா. அக்கா பாத்தா பிரிச்சுப் போட்டுருவான்னு சொல்லுவா."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் நான் முதலில் செய்த காரியம், அந்த விரிப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது. தங்கச்சி செத்துப் பதினேழு நாள் ஆகியிருக்கிறது, நான் பின்பக்கத்தைப் பார்க்கிறேன். முடிச்சும் சிக்கலுமாக இருந்தது. சிவப்பு நூல் தீர்ந்த இடத்தில் வெள்ளை நூல் தொடங்கியது. சதுரங்கள் சதுரமாக இல்லை. நாலைந்து கைகள் பட்ட துணி. அதில் அவள் கை எது என்று எனக்குத் தெரிந்தது. நீளநீளமான தையல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, இழுத்த இழுப்பில் துணி சுருங்கியிருந்தது. கம்பெனி மணிக்குப் பயந்து ஓடிய தையல். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிக்க வேண்டும் என்று தெரிந்தும் என்னால் முடியவில்லை. ஊசியில் நூலைக் கோத்து எடுத்து, வைத்துவிடுவேன். என் வழக்கப்படி நேராகத் தைத்தால், செத்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் குற்றம் சொல்வதுபோல் இருக்கும். அவளைப்போல் கோணலாகத் தைத்தால் அது நடிப்பு. என்ன செய்தாலும் தப்பாகப் பட்டது. ரவிக்கைத் துணிகளையும் தொடவில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. அவள் கம்பெனிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைக்குப் போக மிச்சம் பால் கொடுத்தாள். மற்ற நேரம் ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து நான் ஊட்டினேன். மார்கழி பிறந்தது. சாக்கு காயவே இல்லை. குழந்தையின் முதுகெல்லாம் சிவந்து தடித்து, இருமல் பிடித்தது. மூச்சு விடும்போது கர் கர் என்று சத்தம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கம்பெனிக்காரப் பெண் பிள்ளையைப் பார்க்க வந்தாள். குனிந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்த விரிப்பு என்னாச்சு தாயி?"

"இன்னும் முடிக்கல."

"துணி இல்லையா?"

"இருக்கு."

"நூலு?"

"இருக்கு."

"பெறகு?"

"எப்படித் தச்சாச் சரியா இருக்கும்னு தெரியல மதினி."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சரியா இருக்கணும்னு யாரு கேட்டா? செத்தவ கேட்டாளா? இந்தப் பச்ச மண்ணு கேக்குதா? காஞ்ச துணி ஒண்ணு வேணும். அம்புட்டுத்தான்."

குழந்தையை எடுத்துத் தன் முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "தை. நான் வச்சிருக்கேன்" என்றாள்.

மெஷினுக்கு அடியில் தள்ளிவைத்திருந்த என் பன்னிரண்டு சதுரங்களை எடுத்தேன். தங்கச்சியின் பாதியோடு சேர்த்து வைத்தால் அளவு ஒத்துவரவில்லை. என்னுடையது சின்னதாக இருந்தது. கீழே ஒரு பட்டைத் துணியைக் கொடுத்து இழுத்துச் சேர்த்தேன். மூலைகள் எங்கெங்கோ நின்றன. நூலோட்ட ஆரம்பித்தேன். மடிப்புகள் தடிமனாக இருந்ததால் ஊசி விரலில் ஏறியது. மூன்றாவது வரி பாதிக்கு மேல் ஒரு விரல் அகலம் விலகிப் போய்விட்டது. என்னை அறியாமல் கத்தரியை எடுத்துவிட்டேன். குழந்தை இருமியது. கத்தரியைக் கீழே வைத்தேன். விலகிய இடத்திலிருந்தே அடுத்த தையலைப் போட்டேன். பல்லைப் பிடுங்குகிற வலி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், அப்படித்தான் இருந்தது. அந்த வரி முடிந்ததும் அதை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் பிரித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

இடையில் அவள் எழுந்து குழந்தைக்குப் பால் ஊட்டினாள். எனக்கும் ஒரு வாய் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் நாலு ஓரமும் மடித்துத் தைத்துவிட்டேன். அவள் வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, "பிரியாது" என்றாள். குழந்தையை அதில் கிடத்தினோம்.

இருமல் தை மாதம் வரை இருந்தது. டாக்டர் மருந்தும் கொடுத்தோம், கைமருந்தும் கொடுத்தோம். பிள்ளை பிழைத்தது. விரிப்பால் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன்.

தங்கச்சி புருஷன் கெட்டவர் இல்லை. இரண்டு வருஷம் பொறுத்துக் காரியாபட்டிப் பக்கம் இன்னொரு பெண்ணைக் கட்டினார். அங்கேயே வேலை தேடிக்கொண்டு பிள்ளையையும் கூட்டிப்போய்விட்டார். அவர் பிள்ளை, நான் என்ன சொல்ல முடியும்? துணிமணியோடு விரிப்பையும் மடித்து வைத்து அனுப்பினேன். மறுவருஷம் பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டது. விரிப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் நைந்து, உள்ளிருந்த சேலை வெளியே தொங்கியது.

"தொவச்சுத் தொவச்சு நஞ்சுபோச்சுக்கா. தப்பா எடுத்துக்கிறாதீக" என்றாள் அந்தப் பெண், பயந்துகொண்டே.

"இல்லத்தா. அதுக்குத்தான அது" என்றேன். திரும்பி வருகிற பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

கம்பெனியில் இன்னொருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று அந்த மதினி வந்து சொன்னது அதே வருஷம்தான். தங்கச்சிக்குச் செய்ததுபோல் இவளுக்கும் எல்லாருமாகச் சேர்ந்து தைக்கப்போகிறார்களாம், நானும் வரவேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு முற்றத்தில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டுத்துணி மூட்டையோடு நான் போனேன். என்னைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் கையிலிருந்ததை மடிக்குள் மறைத்தார்கள். என்னைப்பற்றி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

பக்கத்தில் இருந்தவள் சின்னப் பெண். தயங்கித் தயங்கித் தன் துணியை என்னிடம் நீட்டினாள். தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூட்டையிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்து, அவள் துணியோடு சேர்த்துக் கையில் கொடுத்து, இதை அடுத்ததாக வை என்றேன்.