மல்லிகாக்கா தோட்டத்துக் கரண்ட் கம்பம்

கட்டிங் ஆயில் வாசனை... லேத் மெஷின் முன்னால் வாரம் ஆறு நாள் நின்றவர்களுக்குத் தெரியும். சோப்புத்தூளோடு மரத்தூளையும் போட்டுக் கையைத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் கையால் டிராயிங் பேப்பரைத் தொட்டால், தொட்ட இடத்தில் வாட்டர் கலர் பிடிக்காது.

என் ஆரம்பகால வானங்களில் எல்லாம் என் கட்டைவிரல் ரேகை இருக்கும். மேகம் பிரமாதம் என்று சிலர் பாராட்டியதும் உண்டு. நானும் மறுத்ததில்லை.

இருபது வருஷம் இருக்கும். மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை, பட்டாபிராமில் வாடகை வீடு. எங்களுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. ஊரே வேலைக்கு ஓடுகிற நாளில் நான் மட்டும் சைக்கிள் கேரியரில் பலகையைக் கட்டிக்கொண்டு குத்தம்பாக்கம் பக்கம் கிளம்பிவிடுவேன்.

அங்கேதான் மல்லிகாக்காவின் கீரைத்தோட்டம். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. கரண்ட் வரும் என்று நம்பி ஒரு மோட்டார் ரூம் கட்டி வைத்திருந்தார். அதன் நிழலில் உட்கார்ந்துதான் வரைவேன். முதல் நாள் நான் பென்சிலை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி அளவு பார்த்ததும் களைக்கொட்டோடு வந்து நின்றுவிட்டார்.

"இன்னாத்த அளக்குற? பிளாட்டு போட வந்துகிறியா?"

படத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார். அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கும் ஒரு டம்ளர் டீ.

அந்த வருஷம் எனக்கு ஒரு வெறி... சிட்டியில் நடக்கிற ஒரு ஓவியக் கண்காட்சியில் என் படம் தொங்க வேண்டும். இரண்டு முறை கொடுத்தேன், இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவையும் திரும்பினால் இனி பிரஷ்ஷையே தொடமாட்டேன் என்று வீட்டில் வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

"சரி, மொதல்ல சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

படம் கொடுக்க மறுநாள் கடைசி. அந்த வெள்ளிக்கிழமை கை எப்படியோ கூடி வந்தது. கீரைப் பாத்தி, நாலு பனைமரம், வாய்க்கால், குனிந்து களையெடுக்கும் மல்லிகாக்கா. நைட்டி மேல் துண்டு போட்டிருந்தவருக்கு நானாகவே அரக்குப் புடவை கட்டிவிட்டேன். லேண்ட்ஸ்கேப் போடுகிற எங்களுக்கு அது ஒரு பழக்கம். பிளாஸ்டிக் குடத்தை மண்பானை ஆக்குவோம். தகர ஷீட்டை ஓலைக்கூரை ஆக்குவோம். கரண்ட் கம்பம் எங்கள் கண்ணிலேயே படாது.

அக்கா வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் கீது. எங்க கம்பம் எங்க தம்பி?"

"அதைப் போட்டா சீன் கெட்டுடும்க்கா."

அவர் முகம் தொங்கிவிட்டது.

"எழுதிப் போட்டு மூணு வருசம் காத்துகினு இருந்தேன். குடம் குடமா தூக்கி ஊத்தி தோள்பட்டையே போச்சு. போன மாசந்தான் கம்பம் நட்டாங்கோ. மஞ்சா பூசி, பொட்டு வச்சி, சூடம் ஏத்திகிறேன். இந்த வாரம் லைன் குடுக்கறதா சொல்லிகிறாங்கோ. இந்த நேரம் பார்த்து அது இல்லாத மாதிரி வரைஞ்சி வச்சிகிறியே... மனசு இன்னா ஆவும்?"

படம் காய்ந்துவிட்டது. ஒரு கோடு தப்பாக விழுந்தாலும் அழிக்க முடியாது. வேறு படம் போட நேரமும் இல்லை. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கருப்பைக் குழைத்தேன். வானத்துக்கு நடுவே ஒரே இழுப்பு. அப்புறம் ஒயர்.

"அந்தாண்ட இல்ல தம்பி, மோட்ரு ரூமாண்ட இழு. ஆங்... அதான்."

படம் திரும்பி வந்துவிட்டது. அழகான கிராமக் காட்சி, நடுவில் எதற்கு இந்தக் கம்பம் என்று தேர்வு செய்தவர் கேட்டார். வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன், அக்காவை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கேட்க வந்த நாலு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை.

"இன்னா சொன்னாங்கோ?"

"கம்பம் வேணாமாம்க்கா."

வாயில் இருந்த டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "அவங்களுக்கு வேணாம்னா போவுது. எனக்குக் குடு."

மோட்டார் ரூமில் சுவிட்ச் போர்டுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். அடுத்த வாரமே நானும் வெட்கமில்லாமல் புதுப் பேப்பரோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எல்லாம் சுகம்தான்... மடக்கு ஸ்டூல், நல்ல கலர், போனில் போட்டோ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐடி பிள்ளைகள் நாலைந்து பேரோடு வரையப் போகிறேன். "செல் டவரையும் போடணுமா சார்?" என்று கேட்பார்கள். எதிரில் நிற்கிறதே, போடு என்பேன். கண்காட்சியிலும் மூன்று நான்கு முறை இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சுவர்களில் என் படம் ஒரு வாரத்துக்கு மேல் தொங்கியதில்லை.

மல்லிகாக்கா சுவரில் இன்னும் தொங்குகிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். அன்று வாங்கியது மட்டமான கலர், ஈரம் வேறு. வானம் வெளுத்துவிட்டது. பனை இல்லை, பாத்தி இல்லை, அக்காவே இல்லை. கருப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

மனசு கஷ்டமாகிவிட்டது. "வேற ஒண்ணு போட்டுத் தரேன்க்கா" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஏன், இதுக்கு இன்னா கொற? கம்பம் நல்லாத்தானே கீது."