ஐஸ் வைத்துக் காப்பாற்றிய மீன்

பிள்ளைகளே, நான் இப்போது இருக்கும் ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரில் குழாயைத் திறந்தால் ஐஸ் தண்ணீர்தான் வரும். வாய் கொப்பளித்தால் பல் கூசும். எதிர்வீட்டுக்காரர் அரைக்கைச் சட்டையோடு நின்று, "அருமையான நாள்" என்பார். நானும் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே தலையாட்டுவேன். என் மனைவி ஸ்டெல்லா இங்கே நர்ஸ். எனக்கு மீன் வெட்டும் கூடத்தில் வேலை. மகள் ஜெனிலா போன வருடம்தான் எங்கள் சொந்த ஊரான திரேஸ்புரத்தில் என் அக்கா வீட்டிலிருந்து எங்களிடம் வந்தாள். வந்த நாள்முதல் முன்னறை ஹீட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "என்னைய அத்தை வீட்டுக்கே அனுப்பிருங்கப்பா" என்பதுதான் அவள் பேச்சு. பிள்ளையை அனுப்பிவிட்டு நாங்கள் இங்கே யாருக்காக இருக்க?

அங்கே இருந்தவரை காலையில் படகு வரும்போது அத்தையோடு கரைக்குப் போய்விடுவாள். சீலா, பாரை, ஊளி என்று எல்லா மீனுக்கும் பேர் சொல்வாள். ஆனால் அவள் பார்த்ததெல்லாம் கூடையில் கிடந்த மீன். நீந்துகிற மீனை வீட்டிலேயே வைத்துக் காட்டினால் இந்த ஊரில் மனசு ஒட்டும் என்று நினைத்துக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கேன் கேனாகக் கடல் தண்ணீர் சுமந்து ஊற்றி, கல் அடுக்கி, மோட்டாரும் வடிகட்டியும் ஓடவிட்டு, தண்ணீர் பக்குவப்படச் சில வாரம் சும்மா வைத்திருந்தோம். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், உப்பு அங்கேயேதான் இருக்கும். உப்பளத்து ஊர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியாகக் கடலோரப் பாறைக் குட்டையிலிருந்து விரல் நீள மீன் ஒன்றும், பூப்போல விரியும் கடல் உயிரான சிவப்புக் கடல்சாமந்தி ஒன்றும் கொண்டுவந்தோம்.

தொட்டிக்கு ஹீட்டர் கேட்டுக் கடைக்குப் போனேன். எந்த நாட்டு மீன் என்றார் கடைக்காரர். இந்த ஊர் மீன்தான், பாவம் குளிருமே என்றேன். அவர் என் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, எதிரே கம்பளிக் கடை இருப்பதாகச் சொன்னார். எனக்குத்தான் குளிருகிறது என்று நினைத்துவிட்டார் போல. சரி, தொட்டியையாவது அறை ஹீட்டர் பக்கத்தில் வைப்போம் என்று நகர்த்தி வைத்தேன்.

நாலு நாளில் சாமந்தி சுருங்கிவிட்டது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "இதுக்கும் இந்த ஊர் பிடிக்கலப்பா" என்றாள் ஜெனிலா. அது செத்தால் இவளை இங்கே நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் சட்டைக்கையைச் சுருட்டித் தொட்டிக்குள் கையை விட்டாள்.

"அப்பா, இது நம்ம ஊர்த் தண்ணி மாதிரில்லா இருக்கு."

இந்தக் குளிர்க் கடல் மீனுக்குச் சூடுதான் ஆகவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் ஃபிரீசரில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். ஸ்டெல்லா மறித்தாள்.

"உயிரோட கெடக்க மீனுக்கு யாராவது ஐஸ் வைப்பாவளா? என்ன, மார்க்கெட்டுக்கு அனுப்பப் போறீயளா?"

ஐஸ் என்றால் செத்த மீனுக்கு என்றுதானே நாமெல்லாம் வளர்ந்தோம். ஆனாலும் மூடி கழற்றாத பாட்டிலை மெதுவாக மிதக்கவிட்டேன். திரும்பிப் பார்த்தால், ஹீட்டரை விட்டு நகராத பிள்ளை அதை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். குல்லாவை மாட்டிக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் மீன் கல் இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தது. சாமந்தி விரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

இப்போது முன்னறையில் ஹீட்டர் போடுவதில்லை. தொட்டியையும் குளிர்ந்த மூலைக்கு மாற்றிவிட்டோம். ஊருக்கு அனுப்புங்கள் என்ற பேச்சு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கரையில் நின்று வீடியோவில் பேசினாள்.

"ஏளா, அங்கன கடல்ல காலே வைக்க முடியாதாமே?"

"எங்க கடல்ல பூட்ஸ் போட்டுட்டு இறங்கணும் அத்தே."

"எது எங்க கடலு? ஒங்க கடலு இங்கனல்லா கெடக்கு."

"அதுவும் எங்க கடல்தான் அத்தே. அது ஹீட்டர் போட்ட கடல்" என்றாள் ஜெனிலா.

பேசிக்கொண்டே போனைத் தொட்டிக் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். போனுக்குள் திரேஸ்புரத்து வெயிலில் படகுகள் ஆடின. அதற்கு மேலே அந்தச் சின்ன மீன் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.