நிற்கக் கூடாத பாட்டு

போன மாதம் திருப்பதியில் ஒரு நாட்டுப்புறப் பாட்டுப் போட்டி. தலைப்பு 'உழைப்புப் பாடல்கள்'. தொழிலாளர் துறையில் முப்பது வருஷம் ஃபைல் புரட்டியவன் என்று என்னையும் நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள்.

புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள் நவ்யா. பதினோரு வயது. வேர்க்கடலை உரிக்கும்போது பாடுகிற பாட்டு. மூச்சு விடவே இடமில்லை... ஓர் அடி முடியுமுன் அடுத்த அடி வந்து விழுகிறது. அரங்கம் கைதட்டியது. தலைமை விருந்தினராக வந்த பெரிய அதிகாரி, களைப்பைப் போக்கும் கலை என்று உருகினார். முதல் பரிசும் அவளுக்கே.

எனக்கு மனசு உருகவில்லை. இவ்வளவு பிசகில்லாமல் ஒரு குழந்தை எங்கே கற்றது? மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன்.

"ஷெட்ல தான் தாத்தா. கட்ல உரிக்கப் போவேன்ல. பாட்டு நின்னா துன்னுகினு கீறோம்னு அர்த்தம். மேஸ்திரி வந்து வாயத் தெறன்னுவாரு."

ஸ்கூல்? வாரத்தில் ரெண்டு நாள் போவாளாம்.

புரிகிறதா? முதலாளியின் கடலை பசித்த வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்று பிள்ளைகளின் வாய்க்குப் போட்ட பூட்டு அது. அதற்குத்தான் நாங்கள் கோப்பை கொடுத்தோம். நானும் மார்க் போட்டேன்.

மறுநாளே என் பழைய துறைக்குப் புகார். தெலுங்கில் எழுதினேன் — இங்கே அதுதான் நகரும். சட்டப் பிரிவு, ஷெட் இருக்கும் இடம், அவள் வயது, பாட்டு எதற்கு என்பது, ஒப்புகைச் சீட்டு... எதையும் விடவில்லை. கேட்டது ஒன்றுதான்: அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வையுங்கள்.

பதில் வந்தது. 'குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவி. மேல் நடவடிக்கை தேவையில்லை.'

அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். சர்வீஸில் இருந்தபோது அதை எழுதி எத்தனை ஃபைலை மூடியிருக்கிறேன்! ஒன்றிலாவது குழந்தையின் முகத்தைப் போய்ப் பார்த்தேனா?

இந்த முறை போனேன். புதன்கிழமை, காலை பதினோரு மணி. ஷெட்டில் சத்தமே இல்லை. கடலை உடைகிற ஒலி மட்டும். இருபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் பிள்ளைகள். மேஸ்திரி பெருமையாக வரவேற்றார்.

"பாட்டெல்லாம் நிறுத்தியாச்சு சார். யாரோ கம்ப்ளெயிண்ட் குத்துட்டாங்க. இப்போ எல்லார்க்கும் மாஸ்க். கட்டி முடிச்சு போட்டா, சாயந்தரம்தான் அவுக்கணும்."

மூன்றாவது வரிசையில் நவ்யா. என்னைப் பார்த்தாள். விரல்கள் நிற்கவில்லை.

மேல்முறையீடு எழுதிப் போட்டாயிற்று. ஆய்வுக்கு வருவார்கள். என்ன எழுதுவார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் — 'தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டுள்ளது.'